கோலாலம்பூர்–சென்னை வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்: நாமே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், ஒருவர் நான்கு மணி நேரம் என்பார். இன்னொருவர் மூன்றரை மணி நேரம்தான் என்று அடித்துச் சொல்வார். பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் மட்டும் கழித்துப் பார்த்தவர், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் போலிருக்கிறதே என்று வியப்பார். மூவரும் பார்த்தது ஒரே விமானத்தைத்தான். அளந்ததுதான் வேறு வேறு. முதலாமவர் வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரத்தையும், இரண்டாமவர் சக்கரம் தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும் வரையிலான நேரத்தையும், மூன்றாமவர் இரு நாட்டுக் கடிகாரங்களின் வேறுபாட்டையும் சேர்த்தும் சொல்கிறார்கள்.

இணையத்தில் இரு நகரங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் உடனே கிடைக்கும் என்பது உண்மைதான். தூரத்தைப் பெரும்பாலும் நம்பலாம். நேரம் அப்படியன்று, அந்தத் தூரத்தை ஏதோ ஒரு நிலையான வேகத்தால் வகுத்து அரை மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லும் எண்ணாகவே அது பல இடங்களில் இருக்கிறது. காற்றும் வழித்தடமும் ஓடுபாதையில் காத்திருக்கும் நேரமும் அதில் இடம்பெறுவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட்டால்தான் உறவினரை எத்தனை மணிக்கு வண்டியோடு வரச்சொல்வது என்பது தெளிவாகும். அதற்கு ஒரு கணிப்பொறியும் (கால்குலேட்டர்), பள்ளியில் படித்த சைன், கோசைன் பற்றிய சிறிதளவு நினைவும் போதும்.

முதல் படி: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு

நகரத்துக்கு நகரம் அளக்கக் கூடாது. விமான நிலையத்துக்கு விமான நிலையம் அளக்க வேண்டும். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் இருப்பது கோலாலம்பூரிலன்று, தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிப்பாங்கில். 1998-இல் அது திறக்கப்படும் வரை சுபாங்தான் தலைநகரின் முதன்மை விமான நிலையமாக இருந்தது. இன்றும் சில உள்நாட்டு விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. இந்த வேறுபாடு சென்னைப் பயணத்தில் பெரிதாகத் தெரியாவிட்டாலும் பினாங்குப் பயணத்தில் நன்றாகவே தெரியும்: சிப்பாங்கிலிருந்து பினாங்கு விமான நிலையமுள்ள பாயான் லெப்பாஸ் ஏறத்தாழ 325 கிலோமீட்டர், சுபாங்கிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர்.

நம் கணக்குக்குத் தேவையான இடக்குறிகள் இவை. சிப்பாங்: வடக்கு அட்சரேகை 2.74 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 101.70 பாகை. சென்னை மீனம்பாக்கம்: வடக்கு 12.99, கிழக்கு 80.17. திருச்சி: வடக்கு 10.77, கிழக்கு 78.71. பினாங்கு பாயான் லெப்பாஸ்: வடக்கு 5.30, கிழக்கு 100.28. எந்த மின்வரைபடத்திலும் ஓடுபாதையின் நடுவே விரலை அழுத்திப் பிடித்தால் இவ்வெண்கள் கிடைத்துவிடும். இரண்டு தசம இடங்கள் போதும்; அதற்குமேல் எழுதுவது துல்லியத்தைக் கூட்டாது, பிழை நேரும் வாய்ப்பை மட்டுமே கூட்டும்.

இரண்டாம் படி: பெருவட்டத் தூரம்

உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி, அவ்விரு புள்ளிகளையும் உருண்டையின் மையத்தையும் உள்ளடக்கிய தளம் மேற்பரப்பை வெட்டும் வட்டத்தின் வில்லாகும். அதைப் பெருவட்டம் என்பார்கள். அதன் நீளத்தைக் கண்டறியும் முறை பின்வருமாறு.

இரு இடங்களின் அட்சரேகைகளுக்கும் சைன் கண்டு, இரண்டையும் பெருக்குங்கள். சிப்பாங்குக்கும் சென்னைக்கும் இது 0.0478 பெருக்கல் 0.2248, அதாவது 0.01075. அடுத்து, அதே அட்சரேகைகளின் கோசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகைகளின் வேறுபாட்டுக்குரிய கோசைனாலும் பெருக்குங்கள். 101.70-இலிருந்து 80.17-ஐக் கழித்தால் 21.53 பாகை, ஆகவே 0.9989, 0.9744, 0.9302 ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை 0.90539. இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.91614. இந்த எண்ணைக் கோசைனாகக் கொண்ட கோணம் எது என்று கணிப்பொறியிடம் கேட்டால் 23.63 பாகை என்று சொல்லும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதால், ஒரு பாகைக்கு மேற்பரப்பில் 111.2 கிலோமீட்டர். 23.63-ஐ 111.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர் கிடைக்கிறது. கணிப்பொறி ரேடியன் என்னும் வேறொரு கோண அலகில் இல்லாமல் பாகையில் இருக்கிறதா என்பதைத் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. விடை பொருளற்ற எண்ணாக வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தான்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்களின் அலகு கடல் மைல். அதன் நீளம் 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கை ஒட்டி அமைந்த அளவு அது என்பதால், கோணத்தை 60-ஆல் பெருக்கினாலே கடல் மைல் வந்துவிடும்: 23.63 பெருக்கல் 60, ஏறத்தாழ 1,418. பூமி முழு உருண்டையன்று என்பதும் உண்மைதான். நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இதனால் நம் விடையில் நேரும் பிழை நூற்றில் அரைப் பங்கைத் தாண்டாது. ஒரு பயணிக்கு அது பொருட்டன்று.

இதே கணக்கைத் திருச்சிக்குப் போட்டால் பலரும் எதிர்பாராத விடை வரும். திருச்சி சென்னைக்குத் தெற்கே இருப்பதால் மலேசியாவுக்குச் சற்றுப் பக்கம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் திருச்சியின் தூரம் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டர் கூடுதல். தெற்கே இறங்கியதால் குறைந்த தூரத்தைவிட மேற்கே ஒன்றரைப் பாகை தள்ளியிருப்பதால் கூடிய தூரம் அதிகம். பினாங்கிலிருந்து சென்னையோ ஏறத்தாழ 2,365 கிலோமீட்டர்தான். சிப்பாங்கைவிட 260 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆளேற்றிய ரஜுலா கப்பல் வங்கக் கடலைத் தாண்டியதும் முதலில் பினாங்கைத் தொட்டு, அதன் பிறகே கிள்ளான் துறைமுகத்துக்கு இறங்கியதில் பூகோள நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போடுவது எவ்வளவு தவறான வழி என்பதற்கு லண்டன் நல்ல சான்று. சிப்பாங்கிலிருந்து ஹீத்ரோ 10,600 கிலோமீட்டர். அட்சரேகையும் தீர்க்கரேகையும் சமச் சதுரங்களாக அமைந்த வரைபடத்தில் இவ்விரண்டையும் நேர்க்கோட்டால் இணைத்தால், அதன் நடுப்புள்ளி பாரசீக வளைகுடாவில் விழும். பெருவட்டத்தின் நடுப்புள்ளியோ உஸ்பெகிஸ்தானின் தென்பகுதியில் விழுகிறது. ஒரே பயணத்தின் இரு நடுப்புள்ளிகள் பதினொரு அட்சரேகைப் பாகைகள் விலகி நிற்கின்றன. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால், பக்கத்து நாடுகளுக்குப் போகும் வரை இந்த வளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போகும்போதுதான் அது முகத்தில் அறைகிறது.

மூன்றாம் படி: பறக்கும் வழித்தடம்

பெருவட்டத் தூரம் என்பது எந்த விமானமும் முழுமையாக எட்டிவிடாத கீழெல்லை. ஓடுபாதை எத்திசையை நோக்கியிருக்கிறதோ அத்திசையில் எழுந்து, பிறகு திரும்ப வேண்டும். வான்வெளியில் குறிக்கப்பட்ட வழித்தடங்களையும் நிலைப்புள்ளிகளையும் பின்பற்ற வேண்டும். இறங்கும்போது காற்றை எதிர்நோக்கி ஓடுபாதையை அணுக வேண்டியிருப்பதால், நிலையத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி வரவும் நேரலாம். வங்கக் கடலில் கிளம்பும் இடிமேகக் கூட்டங்களைச் சுற்றிப் போவதும் உண்டு. சென்னைப் பயணத்துக்கு நூற்றுக்கு மூன்று பங்கைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். 2,630 கிலோமீட்டர் இதனால் ஏறத்தாழ 2,710 ஆகும்.

நீண்ட பயணங்களில் இந்தக் கூடுதல் மிகவும் மாறக்கூடியது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 கிழக்கு உக்ரைனுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, போர் நடக்கும் வான்வெளிகளைச் சுற்றிச் செல்வது விமான நிறுவனங்களின் அன்றாடக் கணக்கில் ஒரு பகுதியாகிவிட்டது. 2022-க்குப் பிறகு உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டே கிடக்கிறது. எனவே ஐரோப்பியப் பயணத்துக்கு ஓர் ஆண்டில் போட்ட கணக்கு அடுத்த ஆண்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சென்னைக்கு அந்தத் தொல்லை இல்லை. நடுவில் இருப்பது கடலும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுமே.

நான்காம் படி: வேகம்

சென்னை, திருச்சி வழித்தடங்களில் பெரும்பாலும் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகியவை ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 78 அல்லது 79 பங்கு வேகத்தில் பறப்பவை. ஏர்பஸ் 330 நூற்றுக்கு 82, போயிங் 787 நூற்றுக்கு 85. ஒலியின் வேகமோ காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது; குளிரக் குளிர அது குறையும். விமானம் பறக்கும் உயரத்தின் குளிரில் இந்தச் சிறிய ரக விமானங்களின் வேகம் மணிக்கு 830 முதல் 850 கிலோமீட்டர் வரை அமையும். 840 என்று வைத்துக்கொள்வோம். 2,710-ஐ 840-ஆல் வகுத்தால் 3.23 மணி, அதாவது 3 மணி 14 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் அதற்காகப் பத்து முதல் பதினைந்து நிமிடங்களைக் கூட்டுங்கள். இரண்டாமவர் சொன்ன மூன்றரை மணி நேரம் ஏறத்தாழ இங்கேதான் கிடைக்கிறது.

சுபாங்கிலிருந்து பறக்கும் ஏடிஆர் 72 போன்ற சுழலி (புரொப்பெல்லர்) விமானங்களுக்கு இந்த 840 பொருந்தாது. அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது.

ஐந்தாம் படி: காற்று

பயண நேரத்தைப் பற்றிய பொதுவான பேச்சு, மேற்கே போனால் நேரம் கூடும், கிழக்கே வந்தால் குறையும் என்பது. லண்டன் பயணத்துக்கு அது சரி. மிதவெப்ப மண்டலங்களின் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் தாரைக் காற்று, லண்டனுக்குப் போகும் விமானத்தை எதிர்க்கிறது. திரும்பி வரும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. போக 14 மணி நேரமும் வர 13 மணி நேரமும் ஆவதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

அந்த விதியை அப்படியே சென்னைக்கு எடுத்துச்செல்வதுதான் தவறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழ்மட்டத்தில் தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வீசினாலும், மேலே காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. கோடையில் திபெத்திய மேட்டுநிலமும் ஆசிய நிலப்பரப்பும் சூடேறுவதால் மேல்வளிமண்டலத்தில் ஏற்படும் வெப்ப வேறுபாட்டின் விளைவு இது. வெப்பமண்டலக் கீழைத் தாரை எனப்படும் இந்தக் காற்றோட்டத்தை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். இதன் மையம் தென்னிந்தியாவுக்கு மேலே 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானங்கள் அதற்குக் கீழே 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் அதன் முழு வேகம் அவற்றைத் தாக்குவதில்லை. ஆயினும் கணிசமான பங்கு கிடைக்கும்.

ஆகவே பருவமழைக் காலத்தில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்துக்குப் பின்காற்று, திரும்பும் விமானத்துக்கு எதிர்காற்று. ஓர் எடுத்துக்காட்டுக்கு அந்தக் காற்றை மணிக்கு 50 கிலோமீட்டர் என்று கொள்வோம். போகும்போது தரைவேகம் 890. 2,710 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 3 நிமிடம். திரும்பும்போது தரைவேகம் 790; அதே தூரத்துக்கு 3 மணி 26 நிமிடம். ஏறக்குறைய 23 நிமிட வேறுபாடு, லண்டன் விதிக்கு நேர் எதிர்த்திசையில். டிசம்பர், ஜனவரி மாதங்களில் கீழைத் தாரை இருக்காது; நிலநடுக்கோட்டை ஒட்டிய மேல்காற்று மெலிந்து, வடக்கே போகப் போக மேற்குக் காற்று வலுப்பெறும். அதனால் டில்லி செல்வோர் உணரும் அளவுக்குச் சென்னை, திருச்சி செல்வோர் குளிர்காலக் காற்றின் வேறுபாட்டை உணர்வதில்லை.

இருக்கைத் திரையில் காட்டும் வேகம் தரைவேகம். அதில் 890 என்று வந்தால் விமானி விரைவுபடுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். காற்றைப் பொறுத்தவரை விமானம் அதே 840-இல்தான் போகிறது. அதே திரையில் உயரத்தையும் கவனியுங்கள். மேற்கு நோக்கிப் பறக்கும் விமானங்களுக்கு 34,000, 36,000 என்று இரட்டைப்படை ஆயிரம் அடிகளும், கிழக்கு நோக்கிப் பறப்பவற்றுக்கு 35,000, 37,000 என்று ஒற்றைப்படை ஆயிரம் அடிகளும் ஒதுக்கப்படுவது பொதுவிதி. எதிரெதிரே வரும் விமானங்கள் ஒரே உயரத்தில் சந்தித்துவிடாமலிருக்க இந்த ஏற்பாடு.

ஆறாம் படி: வாயிலிலிருந்து வாயிலுக்கு

அட்டவணையில் அச்சாகும் பயண நேரம், விமானம் வாயிலை விட்டுப் பின்நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் வாயிலில் நிற்கும் கணம் வரை. சிப்பாங்கில் மூன்று ஓடுபாதைகள் இருக்கின்றன. இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்பும் விமானம் எந்த ஓடுபாதைக்குப் போக வேண்டும் என்பதைப் பொறுத்தே தரையில் ஊரும் நேரம் மாறும். இரு முனைகளுக்கும் சேர்த்து 25 முதல் 30 நிமிடங்கள் கூட்டினால், 3 மணி 55 நிமிடத்தை ஒட்டி வந்து நிற்போம். அட்டவணையில் காணும் நான்கு மணி நேரம் இதுதான்.

இதில் நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்புக்காகச் சேர்த்துக்கொள்ளும் நிமிடங்களும் அடங்கும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதமாகக் கருதப்படாது என்பது விமானத் துறையில் பரவலான அளவுகோல். ஆகவே காற்றும் வழியும் கைகொடுக்கும் நாளில் விமானம் இருபது நிமிடம் முன்னதாக வந்துவிட்டதென்று அறிவித்தால், அது சாதனை என்பதைவிட அட்டவணையின் தாராளம் என்றே நான் கொள்வேன்.

ஏழாம் படி: கடிகாரம்

பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். மலேசிய நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னே. இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னே. வேறுபாடு 2 மணி 30 நிமிடம். இங்கிருந்து போகும்போது கழிக்க வேண்டும். வரும்போது கூட்ட வேண்டும். காலை 9.30-க்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் பிற்பகல் 1.30, அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் சென்னையில் முற்பகல் 11.00. மூன்றாமவர் கண்ட ஒன்றரை மணி நேரம் இதிலிருந்து பிறந்தது. சென்னையில் இரவு 11.55-க்குப் புறப்பட்டு 3 மணி 55 நிமிடம் பறந்தால், அங்கே அதிகாலை 3.50, இங்கே காலை 6.20, தேதியும் மறுநாள்.

இந்த இரண்டரை மணி நேரம் தூரத்தால் மட்டும் வந்ததன்று. சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதாகத் தோன்றுவதால், 21.53 பாகைக்கு இயற்கையான வேறுபாடு 1 மணி 26 நிமிடம்தான். மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்டது அரசாங்க முடிவு. தீபகற்ப மலேசியா 1981 இறுதி வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னே இருந்தது. சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாவதற்காக 1982 ஜனவரி 1 அன்று கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அதற்கு முந்தைய தலைமுறை இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம் என்று சொல்வது மறதியாலன்று. அவர்கள் காலத்தில் அதுவே சரி.

நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் தேதியைக் கவனமாகப் படியுங்கள். 15-ஆம் தேதி அதிகாலை 12.30 விமானத்துக்கு 14-ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். லண்டன் செல்வோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை கோடை நேரம் என்பதால் நமக்கும் அவர்களுக்கும் 7 மணி நேர வேறுபாடு, மற்ற மாதங்களில் 8.

குறும்பயணங்களுக்கு ஒரு சுருக்கம்

பினாங்கு போன்ற பக்கத்து ஊருக்குப் பெருவட்டக் கணக்கு தேவையில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே தீர்க்கரேகைப் பாகையும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர்தான் என்பது நமக்குக் கிடைத்த வசதி. சிப்பாங்குக்கும் பாயான் லெப்பாசுக்கும் அட்சரேகை வேறுபாடு 2.56 பாகை, தீர்க்கரேகை வேறுபாடு 1.42 பாகை, இரண்டையும் 111-ஆல் பெருக்கி, பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 325 கிலோமீட்டர் வந்துவிடும். ஆனால் இங்கே வேகத்தால் வகுப்பது வீண். விமானம் உச்ச வேகத்தை எட்டிச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். அட்டவணை ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். அதோடு கேஎல் சென்ட்ரலிலிருந்து சிப்பாங்குக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம், நிலையத்தில் காத்திருப்பு, மறுமுனையில் ஜார்ஜ் டவுன் வரை சாலைப் பயணம் ஆகியவற்றையும் கூட்டினால், பட்டர்வொர்த் ரயிலோடு ஒப்பிடுகையில் விமானத்தின் வெற்றி மிகச் சிறியது.

இடையில் இறங்கி மாறும் பயணம்

மாறிச் செல்லும் பயணத்தை ஒவ்வொரு கட்டமாகக் கணக்கிட்டுப் பிறகு கூட்ட வேண்டும். கொழும்பு வழியாகத் திருச்சிக்குப் போவதை எடுத்துக்கொண்டால், சிப்பாங்கிலிருந்து கொழும்பு விமான நிலையமுள்ள கட்டுநாயக்க ஏறத்தாழ 2,470 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி ஏறத்தாழ 420 கிலோமீட்டர், மொத்தம் 2,890. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர்தான் கூடுதல். காற்றில் அது கால் மணி நேரத்துப் பறப்பு. ஆனால் இன்னொரு முறை ஊர்ந்து, எழுந்து, ஏறி, இறங்கும் நேரம் சேர்வதால் விமானத்துக்குள் இருக்கும் நேரம் அரை மணி நேரத்துக்கு மேல் கூடுகிறது. மீதி முழுவதும் காத்திருப்பு. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் இரண்டாவது கட்டத்தில் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. ஆகவே பயணச்சீட்டில் கோலாலம்பூர் காலை 8.00 என்றும் திருச்சி பிற்பகல் 1.30 என்றும் கண்டால், அந்த ஐந்தரை மணி நேரத்தோடு இரண்டரையைக் கூட்டுங்கள்: மொத்தம் எட்டு மணி நேரம். அதில் விமானத்துக்குள் இருப்பது ஏறத்தாழ 4 மணி 40 நிமிடம். எஞ்சிய 3 மணி 20 நிமிடம் கட்டுநாயக்க நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம். பயணச்சீட்டின் விலை வேறுபாட்டை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான்.